முற்றத்து மணலில் ஒயில் கறை



குடும்பப் பத்திரிகையில் காரின் ஒயில் ஒழுக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஒன்று கேட்கிறேன். விடிய எழும்பி முற்றம் கூட்டுவது யார்? வாகனத்தின் அடியில் புதிதாக ஒரு கறுப்புக் கறை விழுந்திருந்தால், அதை முதலில் காண்பவர் ஓட்டுகிறவர் அல்லர், விளக்குமாறு பிடித்தவர்தான். கறை எந்த இடத்தில், என்ன நிறத்தில், இரவில் விழுந்ததா, ஓடி வந்து நின்றதும் விழுந்ததா என்று சொல்லத் தெரிந்தால் கராஜில் போகிற காசில் பெரும் பங்கு வீட்டிலேயே நிற்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நின்றது.

எங்களுடையது மொறிஸ் மைனர் கார். இங்கிலாந்தில் 1948 இல் தொடங்கி 1971 வரை செய்தார்கள். நம் நாட்டில் இன்னும் ஓடுகிறது. 2020 இல் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 இல்தான் மீண்டும் வழி விட்டது. அந்த இடைவெளியில் தகரமும் பொன் விலை விற்றது உங்களுக்குத் தெரியும். பழையதைப் பேணுவது எங்களைப் போன்றவர்களுக்கு ஆசையால் வந்ததல்ல.

இவருக்குப் பிடவை வியாபாரம். கிளிநொச்சியிலிருந்து பரந்தன் சந்திக்கு வந்து, முல்லைத்தீவு வீதியில் திரும்பி, முரசுமோட்டை, புளியம்பொக்கணை, தருமபுரம், விசுவமடு என்று ஊர் ஊராகப் போவார். பின் சீற்றில் சேலையும் சாரமும் அடுக்கியிருக்கும். பாடசாலை விடுமுறை என்றால் அந்த மூட்டைகளுக்கு நடுவே நானும் பிள்ளைகளும்.

2022 இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றதல்லவா? அப்போது எங்கள் காரும் மாமரத்தின் கீழ் மாதக் கணக்கில் நின்றது. பிறகு கியூஆர் அட்டை வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கொடுக்கத் தொடங்கியதும் மெல்ல மெல்ல ஓட்டினோம். அதன்பின்தான் இந்தத் தொல்லை. முன்பு கிழமைக்கு நாலு சொட்டு விழும். பழைய இங்கிலீஷ் கார் என்றால் அது விழத்தான் செய்யும். இப்போதோ விசுவமடுவுக்குப் போய் வந்தால் அரைப் போத்தல் ஒயில் குறைந்திருந்தது. இந்த இஞ்சின் கொள்வதே நாலு லீற்றருக்குச் சற்றுக் குறைவுதான். ஒரு மாலை, தருமபுரத்திலிருந்து திரும்பும்போது வளைவில் ஒயில் விளக்கு ஒரு தரம் மின்னி அணைந்தது.

அந்த விளக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளைவில் ஒயில் ஒரு பக்கம் சரியும்போது பம்பி உறிஞ்ச ஒன்றுமில்லாமல் போனால் அப்படி மின்னும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் வீடு கிட்டத்தான் என்று ஓட்டக் கூடாது. அந்த இடத்திலேயே நிறுத்தி இஞ்சினை அணைக்க வேண்டும். ஒயில் இல்லாமல் ஓடும் சில நிமிடங்களில் உள்ளே உலோகத்தோடு உலோகம் உரசி, பேறிங் கரைந்து, இஞ்சினே முடிந்துவிடும். சூடான புகைக்குழாயில் ஒயில் சொட்டினால் தீப்பிடிக்கவும் இடமுண்டு. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற காரில் இது விளையாட்டுக் காரியமல்ல.

முதலில் ஒரு கராஜில் காட்டினோம். கீழே படுத்துப் பார்த்தார்கள், அடிச்சட்டி முழுக்க ஒயில். சட்டிக்குப் புதுக் கஸ்கெட் போட்டுக் காசு வாங்கினார்கள். மூன்றாம் நாள் அதே கறை. இன்னொரு கராஜில், "இஞ்சினை இறக்க வேணும், போர் அடிக்க வேணும், ரிங் மாத்த வேணும்" என்றார்கள். சொன்ன தொகைக்கு எங்கள் கடைச் சரக்கில் பாதியை விற்க வேண்டும். இவர் முகம் வாடிப்போய் வந்தார். அப்போதுதான் காரை எங்களுக்கு விற்ற கண்டாவளை ஐயாவிடம் போய்க் கேட்டால் என்ன என்றேன்.

ஐயாவுக்கு எண்பது வயதுக்கு மேல். நெல் விதைக்கிற மனிதர், ஆனால் ஸ்பனர் பிடித்த கை. இந்தக் கார் 1990களை அவருடைய கொட்டிலில்தான் கழித்தது. அந்த ஆண்டுகளில் நாங்கள் அங்கே இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் புத்தளம் போய்ச் சேர்ந்தது. ஆகவே எங்கள் காரின் நடு வயதுக் கதையை அவர் வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்துவிட்டு அவர் கேட்ட முதற் கேள்வி எனக்கு இப்போதும் பிடிக்கும். "பிள்ளை, இது நிண்ட காருக்கு வந்த வருத்தமோ, ஓடின காருக்கு வந்த வருத்தமோ?"

ஓடாமல் நின்ற பிறகு வந்தது என்றேன்.

"அப்ப ரிங் எண்டு உடன சொல்லேலாது. ரிங் நிக்கேக்க தேயாது."

அடுத்து, இரவில் கீழே அட்டை விரித்துப் பார்த்தீர்களா என்றார். பார்த்திருந்தேன். பிஸ்கற் பெட்டி அட்டையைப் பிரித்து விரித்ததில் விடியும்போது நாலைந்து சொட்டுத்தான் இருந்தது. ஆனால் ஓடி வந்து நிறுத்தியதும் விரித்தால் சிறு குட்டையே தேங்கியது. ஐயா தலையாட்டினார். நிற்கும்போது சொட்டாமல் ஓடும்போது மட்டும் ஒழுகினால், உள்ளே ஏதோ ஒன்று ஒயிலைத் தள்ளுகிறது என்று பொருள்.

சகோதரிகளே, அட்டை விரிப்பது எல்லா வாகனத்துக்கும் பொருந்தும். கறுப்பாக விழுந்தால் இஞ்சின் ஒயில். பச்சையாகவோ துரு நிறத்திலோ நீர்த்து விழுந்தால் ரேடியேற்றர் தண்ணீர். சில்லுக்கு அருகில் நிறமற்று, தொட்டால் வழுக்கும் திரவமாக இருந்தால் அது பிரேக் ஒயிலாக இருக்கலாம். அன்றைக்கு வாகனத்தை எடுக்கவே விடாதீர்கள். மொறிஸ் மைனரில் ஒரு சிக்கல் உண்டு. இதன் கியர்பொக்ஸிலும் இஞ்சின் ஒயிலையே விடுகிறார்கள். ஆகவே மணந்து பார்த்துப் பிரிக்க முடியாது. கறுத்தது இஞ்சினிலிருந்து, தெளிவானது கியர்பொக்ஸிலிருந்து என்று நிறத்தைக் கொண்டுதான் சொல்லலாம். எங்களுடையது அடுப்புக்கரி போலக் கறுப்பு.

மறுநாள் காலை அவருடைய கொட்டிலிலேயே வேலை தொடங்கியது. இஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்தார்கள். மின்சாரப் பகுதிகளைப் பொலித்தீன் பையால் மூடிக் கட்டிவிட்டு, சலவைத்தூள் தண்ணீரால் கழுவி, பழந்துணியால் துடைத்து, வெயிலில் காய விட்டோம். முப்பது வருட அழுக்கு உரிந்து வர, உள்ளே பச்சைப் பெயின்ற் தெரிந்தது.

கொஞ்சம் மண்ணெண்ணெய் தரையில் சிந்தியபோது ஐயா சொன்னார்: "இதைக் குடிச்சுத்தான் இந்தக் கார் வளந்தது."

போர் 1990 இல் மீண்டும் மூண்ட பிறகு வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பெற்றோல் தடை, பற்றறி தடை, இன்னும் எத்தனையோ தடை. பெற்றோல் சொட்டுக் கணக்கில் விற்றது. அப்போது கைகொடுத்தவை பழைய இங்கிலீஷ் கார்கள்தான்: ஏ ஃபோர்ட்டி, கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர். இவற்றின் இஞ்சினுக்குள் அழுத்தம் குறைவு. அதனால் மண்ணெண்ணெயையும் சகித்துக்கொண்டன. பின்னால் வந்த ஜப்பான் கார்கள் அதற்கு இணங்கவில்லை. கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, இஞ்சின் கொதித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றறி இல்லாத கார்களைக் கம்பி போட்டுச் சுழற்றுவார்கள், அல்லது ஊரே சேர்ந்து தள்ளும். கண் எரிகிற வெள்ளைப் புகையோடு அவை நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயின. இந்த மைனரில் எத்தனை பேர் போனார்கள் என்று ஐயா எண்ணி வைக்கவில்லை. ஒரு பிள்ளை புளியம்பொக்கணையைத் தாண்ட முன்னமே பின் சீற்றில் பிறந்தது என்று மட்டும் சொன்னார்.

இது வன்னியின் கெட்டித்தனம் மட்டுமல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்து விவசாயிகளின் பேர்கசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இப்படித்தான் ஓடியது. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயை ஒத்த மலிந்த எண்ணெய்க்கு மாற்றுவார்கள். அவர்களுக்கும் இதே தொல்லைதான் வந்தது. எரியாமல் மிஞ்சுகிற எண்ணெய் பிஸ்ரனின் ஓரத்தால் இறங்கி அடிச்சட்டி ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீர் போல நீர்த்துவிடும். அளவுக் கம்பியில் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும்! ஆகா, என்ன அருமையான இஞ்சின் என்று மகிழ வேண்டியதில்லை. நீர்த்த ஒயில் தேய்மானத்தைத் தடுக்காது. சிலிண்டர் சுவரில் இருக்க வேண்டிய ஒயில் படலத்தையும் மண்ணெண்ணெய் கழுவிவிடும், அதனால் ரிங் தேயும். 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ9 வீதி திறந்து, பெற்றோல் தாராளமாக வந்த பிறகும், தேய்ந்தது தேய்ந்ததுதான்.

ஆகவே இரண்டாவது கராஜ்காரர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ரிங் தேய்ந்துதான் இருக்கிறது. ஆனால் அது இருபது வருடத்துக்கு முன்பே தேய்ந்தது. போன வருடம் நாலு சொட்டு ஒழுகியது இந்த வருடம் அரைப் போத்தலாக ஏன் மாறியது? அதற்கு அந்தப் பதில் போதாது.

இஞ்சின் காய்ந்ததும் ஐயா என் கைப்பையைப் பார்த்தார். "பிள்ளையிட்டை முகப் பவுடர் இருக்கோ?"

இருந்தது. பிள்ளைக்குப் பூசுகிற பவுடர் டப்பா. மேல் மூடியின் ஓரம், பக்கத் தகடுகளின் ஓரம், ஒயில் வடிகட்டிக் கிண்ணத்தைச் சுற்றி, அடிச்சட்டியின் விளிம்பு என்று மூட்டு உள்ள இடமெல்லாம் மெல்லியதாகத் தூவினேன். கறுத்த இஞ்சின் இடியப்ப மா கொட்டியது போல வெளுத்தது. இவர் சிரித்தார். பிறகு இஞ்சினைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்து ஓட விட்டோம். அடுத்து முரசுமோட்டை வரை ஒரு ஓட்டம், திரும்பி வந்து அணைத்து, ஆற விட்டு, ரோர்ச் அடித்துப் பார்த்தோம்.

பவுடரின் உபகாரம் இதுதான். ஒயில் எங்கே முதலில் வெளிவருகிறதோ அங்கே வெண்மையில் ஒரு கறுப்புக் கோடு தொடங்கும். ஒயில் கீழ்நோக்கி வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கியும் அடிக்கும். ஆகவே அதிகம் நனைந்த இடத்தைப் பார்த்தால் ஏமாந்து போவோம். மிக உயரத்தில், மிக முன்னால் நனைந்த இடத்தைத்தான் தேட வேண்டும். அடிச்சட்டிக் கஸ்கெட்டுக்குக் கொடுத்த காசு எப்படி வீணானது என்று அப்போது விளங்கியது. சட்டியின் விளிம்பில் பவுடர் வெள்ளையாகவே இருந்தது!

கோடு மூன்று இடத்தில் தொடங்கியிருந்தது. மேல் மூடியின் பின் மூலையில் ஒன்று, புகைக்குழாயின் கீழே இருக்கும் பக்கத் தகட்டில் ஒன்று, பின்னால் கிளச் உறையின் அடித் துளையில் ஒன்று. ஒரே காலத்தில் மூன்று கஸ்கெட் பழுதாகுமா? ஐயா ஒன்றும் சொல்லாமல் இஞ்சினை ஸ்ராட் பண்ணச் சொல்லி, ஒயில் விடுகிற மூடியைக் கழற்றினார். குப், குப், குப் என்று புகை வீசியது. உள்ளங்கையை மேலே பிடித்தால் கையைத் தள்ளியது.

சகோதரிகளே, புட்டு அவிக்கும்போது என்ன செய்கிறீர்கள்? பானைக்கும் குழலுக்கும் இடையே துணி சுற்றி இறுக்குகிறீர்கள். ஆவி குழல் வழியாகப் போகும் வரை துணி காய்ந்திருக்கும். மாவை அமுக்கி அடைத்துவிட்டால் ஆவி போக வழியில்லாமல் துணிக்கூடாகச் சீறும். அப்போது துணியை மாற்றி என்ன பயன்? மாவைத் தளர்த்த வேண்டும். எந்த இஞ்சினிலும் எரிந்த காற்றில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். தேய்ந்த இஞ்சினில் கூடுதலாக இறங்கும். அது வெளியேற மூச்சுக்குழாய் ஒன்று உண்டு. மைனரில் பக்கத் தகட்டிலிருந்து கீழ்நோக்கி வளைந்து போகும். அது அடைபட்டால் காற்று ஒயிலையும் சேர்த்து, கிடைத்த இடைவெளி எல்லாவற்றாலும் தள்ளும்.

பின் துளையின் கதை இன்னும் விசித்திரம். இந்த இஞ்சினின் சுழல்தண்டுக்குப் பின்பக்கம் ரப்பர் சீலே இல்லை. தண்டில் திருகாணி போலப் புரி வெட்டியிருக்கிறார்கள். தண்டு சுற்றும்போது அந்தப் புரி ஒயிலை உள்ளே இழுத்து விடும். உள்ளே அழுத்தம் இல்லாதவரை அழகாக வேலை செய்யும். அழுத்தம் ஏறினால் புரி என்ன செய்யும், பாவம்! ஒயில் கிளச் பக்கம் போய்விடும். கிளச் தட்டில் பட்டால் மேட்டில் இஞ்சின் இரையும், கார் ஏறாது. இல்லாத சீலை மாற்ற வேண்டும் என்று சொல்லிக் காசு கேட்கிறவர்களும் உண்டு, கவனம்.

ஐயா காரின் கீழே போக முடியாது, இடுப்பு விடாது. இவர்தான் போனார். வளைந்த கம்பி ஒன்றை மூச்சுக்குழாயின் கீழ் வாயால் விட்டுக் கிண்டினார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கல் மாதிரி ஏதோ இடித்தது. குழாயைத் தகட்டோடு கழற்றி எடுத்து நிலத்தில் தட்டினோம். காய்ந்த களிமண் கட்டி, துண்டு துண்டாக! உள்ளே அறை அறையாக, அறைக்குள் காய்ந்த சிலந்திகள். மண்குளவிக் கூடு. கார் மாமரத்தின் கீழ் நின்ற மாதங்களில் குளவி நல்ல இடம் கண்டு வீடு கட்டியிருக்கிறது. பிள்ளைகள் அந்தக் கட்டியை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் ஆராய்ச்சி செய்தார்கள்.

மேல் மூடியிலிருந்து காற்று வடிகட்டிக்குப் போக வேண்டிய இன்னொரு சிறு குழாயின் இடத்தில் ரப்பர்க் கட்டை செருகியிருந்தது. முந்திய காலத்தில் யாரோ குழாய் வெடித்ததும் புதியது கிடைக்காமல் அடைத்திருக்கிறார்கள். ஒரு வழி மனிதர் அடைத்தது, மறு வழி குளவி அடைத்தது. இஞ்சின் எங்கே மூச்சு விடும்?

கழற்றியதோடு மூடிக்கும் பக்கத் தகட்டுக்கும் புதுத் தக்கைக் கஸ்கெட் போட்டோம், சிறு குழாயும் புதிது வாங்கினோம். பூட்டும்போது இவர் பலமாக இறுக்கப் போக, ஐயா தடுத்தார். இவை மெல்லிய தகரம். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் தகடு வளையும், தக்கை பிதுங்கும், ஒழுக்கு இன்னும் கூடும். சிலிக்கன் பசையை அள்ளிப் பூசுவதும் அவருக்குப் பிடிக்காது. உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து, ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் இஞ்சினுக்கே ஆபத்து.

பிறகு மீண்டும் பவுடர். மீண்டும் முரசுமோட்டை. இம்முறை மூடி வெள்ளை, தகடு வெள்ளை. பின் துளையில் மட்டும் ஒரு சொட்டுத் தொங்கியது. ஒயில் மூடியைத் திறந்தால் புகை இருந்தது, ஆனால் கையைத் தள்ளவில்லை.

அன்று முதல் மாதத்துக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு ஒயில் விடுகிறோம். ரிங் வேலை ஒரு நாள் செய்யத்தான் வேண்டும், அதை மறைக்கவில்லை. ஆனால் அது கடைச் சரக்கை விற்றுச் செய்கிற அவசரமாக இல்லாமல், சீட்டுக் காசு வரும்போது பார்த்துக்கொள்கிற வேலையாக மாறிவிட்டது. கழிவு ஒயிலை ஐயா போத்தலில் வாங்கி வைத்தார். கிணற்றுப் பக்கம் ஊற்ற விடவில்லை, வேலிக் கட்டைகளுக்குக் கறையான் பிடிக்காமல் பூச வேண்டுமாம்.

மூச்சுக்குழாயின் வாயை வலை போட்டு மூடலாமா என்று கேட்டேன். வேண்டாம், ஒயில் புகை பட்டு வலையே அடைத்துக்கொள்ளும் என்றார். கார் பல நாள் நிற்கப் போகிறது என்றால் மட்டும் ஒரு சிவப்புத் துணியைச் சுருட்டிச் செருகுகிறோம். அதே துணியில் கிழித்த மறு துண்டை ஸ்ரியரிங்கில் கட்டிவிடுகிறேன். அதை அவிழ்க்காமல் யாரும் திறப்பைத் திருப்பக் கூடாது என்பது வீட்டில் சட்டம்.